கரைந்த கரிமக் கார்பன் ஆழ்கடலுக்கு இறங்குவதைக் கணக்கிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடல்நீரில் கரைந்திருக்கும் கரிமக் கார்பன் (உயிரினங்களிலிருந்து வரும் சேர்மங்களில் உள்ள கார்பன்) நீரோட்டத்தோடு சேர்ந்து ஆண்டுக்கு எவ்வளவு கீழே போகிறது? கப்பல் ஏறாமலே, இலவசமாகக் கிடைக்கும் தரவையும் ஒரு சாதாரண மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காணலாம். இந்தக் கணக்கைத் தொடங்கும் முதுகலை மாணவர்கள் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள் என்று தொடர்ந்து பார்த்து வருகிறேன். கணிதத்தில் சிக்குபவர் அபூர்வம். செய்யும் வரிசை மாறிப்போவதும், எதிலிருந்து எதைக் கழிப்பது என்று தெரியாமல் நிற்பதும்தான் வழக்கமான சிக்கல்.

பெர்முடாவுக்குத் தென்கிழக்கே சுமார் 80 கி.மீ. தள்ளி, சர்காசோ கடலில் இருக்கும் பேட்ஸ் நிலையத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1988 அக்டோபரிலிருந்து அங்கே மாதாமாதம் அளக்கிறார்கள். பழகுவதற்கு அதைவிட நல்ல தரவு எனக்குத் தெரியாது. அது கைவந்த பிறகு வட அட்லாண்டிக் முழுவதற்குமான பெரிய கணக்குக்குப் போவோம்.

முன்கூட்டியே தேவைப்படுபவை

பேட்ஸ் நிலையத்தின் குப்பித் தரவுக் கோப்பும் சி.டி.டி. (கடலுக்குள் இறக்கும் உணர்கருவி) கோப்பும் தேவை. முதலாவதில் கார்பன், ஆக்சிஜன் அளவுகள் இருக்கும். இரண்டாவதில் வெப்பநிலையும் உப்புத்தன்மையும் நெருக்கமான ஆழ இடைவெளியில் இருக்கும். பைத்தானோ மேட்லேபோ எது பழக்கமோ அது போதும். அடர்த்தி கணக்கிட, கடல்நீருக்கான சர்வதேச முறையான டியாஸ்-10-இன் நிரல் தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அடர்த்திச் சமன்பாட்டைக் கையால் எழுத முயல வேண்டாம், நேரம்தான் வீண்.

ஒரு காகிதத்தில் மூன்று மாற்றுக் கணக்குகளை எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். லிட்டருக்கு 1 மைக்ரோமோல் என்பது கனமீட்டருக்கு 1 மில்லிமோல். 1 மோல் கார்பன் 12 கிராம். 1 ஸ்வெர்ட்ரப் என்பது நொடிக்கு 10 லட்சம் கனமீட்டர் நீர். கடைசி வரை இவை மூன்றும் கூடவே வரும்.

1. எந்தக் கார்பன் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

கரைந்த கரிமக் கார்பன் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவற்றை பாக்டீரியா சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் தின்றுவிடும். நீர் கீழே இறங்கும் வரை அவை தங்காது. இன்னொரு பகுதி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தாங்கும். கோடையில் மேல்நீரில் சேர்ந்து குளிர்காலத்தில் கீழே போவது இதுதான். மூன்றாவது பகுதி கிட்டத்தட்ட அசையாதது. ஆழ்கடலில் அளந்த கரைந்த கரிமக் கார்பனின் ரேடியோகார்பன் வயது சர்காசோ கடலில் சுமார் 4,000 ஆண்டு, வட பசிபிக்கில் சுமார் 6,000 ஆண்டு.

இதை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மேல்நீரில் லிட்டருக்கு 65 மைக்ரோமோல் இருந்தால் (இனி ‘லிட்டருக்கு’ என்பதை விட்டுவிடுகிறேன்), அதில் 40-க்கும் மேற்பட்டது அந்த அசையாத பகுதி. அது நீரோடு இறங்கும், நீரோடு மேலே வரும், மறுபடி இறங்கும். அதை ஏற்றுமதி, அதாவது மேல்நீரிலிருந்து கீழே போன கார்பன், என்று எழுதினால், வரவை மட்டும் எழுதிச் செலவை விட்ட வீட்டுக் கணக்கு மாதிரி ஆகிவிடும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் மனதில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இது இருக்கட்டும்: இறங்கும் நீரும் கார்பனைச் சுமக்கிறது, ஏறும் நீரும் சுமக்கிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் விடை.

2. எந்த வழியாக இறங்குகிறது என்று தேர்ந்தெடுங்கள்

நீர் இறங்கும் வழிகள் பல. குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனமாகிச் செங்குத்தாகக் கலப்பது ஒன்று. அப்படிக் கலந்த நீர் பக்கவாட்டில் நழுவி, லேசான நீருக்கு அடியில் போய்ப் படுப்பது இன்னொன்று. சர்காசோ கடலின் 18 டிகிரி நீர் இப்படி உருவாவது. லாப்ரடார் கடலிலும் நார்டிக் கடல்களிலும் நடக்கும் ஆழமான கலப்பு மூன்றாவது. லாப்ரடார் கடலில் கடுமையான குளிர்காலங்களில் அது 2,000 மீட்டரையும் தொட்டிருக்கிறது.

நீர் இறங்கும் இடத்திலெல்லாம் கார்பனும் இறங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அண்டார்க்டிகாவைச் சுற்றி ஏராளமான நீர் அடிக்கடலுக்குப் போகிறது. ஆனால் அங்கே மேலே இருப்பதே ஆழத்திலிருந்து சமீபத்தில் எழுந்துவந்த நீர். அதில் கூடுதல் கரிமக் கார்பன் சேர அவகாசமே இல்லை. அதனால் அந்தப் பாதை இந்தக் கணக்கில் பெரிதாக எதையும் தராது. வட அட்லாண்டிக்கில் கதை வேறு. வெப்பமண்டலத்திலும் துணை வெப்பமண்டலத்திலும் வெயிலில் கிடந்து கார்பன் சேர்த்துக்கொண்ட நீர் வடக்கே போய் இறங்குகிறது. ஆழ்நீரில் இதன் தடம் தெளிவாகத் தெரியும்: கிரீன்லாந்துக் கடலின் ஆழத்தில் சுமார் 48 மைக்ரோமோல், ஆழ்நீர்ப் பயணத்தின் கடைசி முனையான வட பசிபிக்கில் சுமார் 34.

3. தரவை இறக்கியதும் கணக்கைத் தொடங்காதீர்கள்

முதல் வேலை, கோப்பிலிருக்கும் மைனஸ் 999-களைத் தேடுவது. அளக்காத இடத்தில் அந்த எண்ணைப் போட்டு வைப்பார்கள். நீக்காமல் சராசரி எடுத்தால் கார்பன் எதிர்மறையில் வரும், அப்போது யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆழத்தையோ உப்புத்தன்மையையோ தொடும் ஒரே ஒரு மைனஸ் 999 நுழைந்தால்தான் ஆபத்து, அடர்த்தி ஓசையில்லாமல் கெட்டுப்போகும்.

அடுத்து, தரக்குறியீடுகள். கப்பல் ஒரு கோடு நெடுகச் சென்று அளக்கும் குறுக்குவெட்டுத் தரவில் 2 என்றால் நல்லது, 3 சந்தேகத்துக்குரியது, 4 மோசம், 6 இரட்டை மாதிரிகளின் சராசரி. 2-ஐயும் 6-ஐயும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 6-ஐத் தவறுதலாகத் தூக்கி எறிபவர்கள் உண்டு. அதுதான் இருப்பதிலேயே நம்பகமான அளவு.

அப்புறம் அலகு. பழைய தரவு பெரும்பாலும் லிட்டருக்கு மைக்ரோமோலில் இருக்கும், புதியது கிலோவுக்கு மைக்ரோமோலில். வித்தியாசம் இரண்டரை சதவீதம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். 60 மைக்ரோமோலில் அது ஒன்றரை. நாம் தேடும் மாற்றமே நான்கைந்து மைக்ரோமோல்தான். எனவே கிலோ அளவை நீரின் அடர்த்தியால் பெருக்கி, எல்லாவற்றையும் கனமீட்டருக்கு மில்லிமோல் என்று மாற்றிவிடுங்கள்.

கடைசியாகக் கோப்பில் கார்பன் நெடுவரிசையின் தலைப்பைப் பாருங்கள். வடிகட்டாமல் அளந்திருந்தால் அது மொத்தக் கரிமக் கார்பன். மேல்நீரில் அதிலிருந்து துகள் கார்பனைக் கழித்தால்தான் கரைந்தது கிடைக்கும். துகள் கார்பனை மைக்ரோகிராமில் தந்திருந்தால் முதலில் 12-ஆல் வகுக்க வேண்டும். சில நூறு மீட்டருக்குக் கீழே துகள் மிகக் குறைவு, அங்கே கழிக்காவிட்டாலும் பாதகமில்லை.

4. ஆழ்நீரை வைத்து அளவைச் சோதியுங்கள்

இந்த அளவீடு எவ்வளவு எளிதில் கெடும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எண்களை நம்பக் கூடாது. குப்பிகளைச் சுமந்து கடலில் இறங்கும் ரோசெட் சட்டகம் கப்பல் தளத்துக்கு வந்ததும், நீர் பிடித்துவந்த நிஸ்கின் குப்பியிலிருந்து முதலில் வாயுக்களுக்கான மாதிரியை எடுப்பார்கள், உடனே அடுத்து கரிமக் கார்பன். வடிதாள் சுமார் 450 டிகிரியில் எரித்துச் சுத்தம் செய்த கண்ணாடி இழை. அதைக் குப்பியின் வாயிலேயே பொருத்தி, நீர் தன் எடையால் வடியும்படி விடுவார்கள். உறிஞ்சி இழுத்தால் நுண்ணுயிர்களின் செல்கள் உடைந்து உள்ளிருப்பது நீரில் கலந்துவிடும். உறையவைக்கும்போது விரிய இடம் வேண்டும் என்பதால் மாதிரிக் குப்பியை முழுக்க நிரப்புவதில்லை. பின்னர் ஆய்வகத்தில் அமிலம் சேர்த்து, கனிமக் கார்பனை வாயுவாக வெளியேற்றி, மிச்சத்தை பிளாட்டினம் வினையூக்கியின் மேல் 680 டிகிரியில் எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறார்கள்.

இதில் எத்தனாலால் துடைத்த விரல் ஒன்று போதும், எல்லாம் போய்விடும். ஒரு துளி எத்தனாலில் ஆயிரத்தில் ஒரு பங்கு 60 மி.லி. குப்பிக்குள் விழுந்தால் அளவு சுமார் 28 மைக்ரோமோல் ஏறும். ஆழ்நீரில் இருப்பதில் பாதிக்கும் மேல் அது!

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. பேட்ஸ் நிலையத்தில் 2,000 மீட்டருக்குக் கீழே அளவு 44 மைக்ரோமோல் சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஆழ்நீர்ச் சராசரியை எடுத்து வரிசையாக வரைந்து பாருங்கள். ஒரு பயணம் மட்டும் மூன்று நான்கு மைக்ரோமோல் விலகியிருந்தால், அந்தப் பயணத்தின் மேல்நீர் அளவும் அதே அளவு விலகியிருக்க வாய்ப்பு அதிகம். மயாமி பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஹான்செல் ஆய்வகம் வழங்கும் ஆழ்கடல் ஒப்பீட்டு நீரோடு சரிபார்த்த தரவா என்றும் பாருங்கள். புள்ளியை நீக்கினாலும் திருத்தினாலும் காரணத்தைக் கோப்பிலேயே எழுதிவையுங்கள்.

5. கலப்பு அடுக்கின் ஆழத்தைக் கண்டுபிடியுங்கள்

கலப்பு அடுக்கு என்பது மேலே சீராகக் கலந்திருக்கும் நீர். சி.டி.டி. தரவிலிருந்து அழுத்தத்தின் விளைவை நீக்கிய அடர்த்தியைக் (potential density) கணக்கிடுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் இருப்பதைவிட அது கனமீட்டருக்கு 0.03 கிலோ கூடும் இடத்தைக் கலப்பு அடுக்கின் அடியாக எடுத்துக்கொள்ளலாம். மேற்பரப்பிலிருந்தே தொடங்கினால் பகல் வெயிலில் சூடான மெல்லிய தோல் ஏமாற்றிவிடும். 10 மீட்டர் அதற்காகத்தான்.

பேட்ஸில் கோடைக் கலப்பு அடுக்கு சில பத்து மீட்டர்தான். குளிர்காலத்தில் 150 முதல் 300 மீட்டர் வரை இறங்கும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். நமக்கு வேண்டியது அந்த ஆண்டின் அதிகபட்ச ஆழம். மாதம் ஒருமுறை அளக்கும் கப்பல் ஒரு பிப்ரவரிப் புயலைத் தவறவிடலாம். அருகில் மிதக்கும் ஆர்கோ தானியங்கி மிதவைகள் சுமார் 10 நாளுக்கு ஒருமுறை அளப்பதால், அந்த இடைவெளியை அவற்றைக் கொண்டு நிரப்புங்கள். அடுத்த படியின் விடை இந்த ஓர் எண்ணை நம்பித்தான் நிற்கிறது, ஆகவே இங்கே தாராளமாக நேரம் செலவழிக்கலாம்.

6. குளிர்காலக் கலப்பின் கணக்கு

கலப்புக்கு முந்தைய இலையுதிர்கால அளவீட்டை எடுங்கள். ஏற்றுமதிக்கான எல்லை ஆழம் ஒன்றைத் தீர்மானியுங்கள். இங்கே 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் முறையைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

மேல் 100 மீட்டரின் சராசரி கனமீட்டருக்கு 66 மில்லிமோல், 100-லிருந்து 250 மீட்டர் வரை சராசரி 55. குளிர்காலக் கலப்பு 250 மீட்டரைத் தொடுகிறது. முழுவதும் கலந்தபின் அளவு என்னவாகும்? 66-ஐ 100-ஆல் பெருக்கினால் 6,600. 55-ஐ 150-ஆல் பெருக்கினால் 8,250. கூட்டி 250-ஆல் வகுத்தால் 59.4. ஆக, 100 மீட்டருக்குக் கீழே இருந்த நீரில் கனமீட்டருக்கு 4.4 மில்லிமோல் கூடியிருக்கிறது. அதை 150 மீட்டர் தடிமனால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 660 மில்லிமோல். கார்பனாக ஏறக்குறைய 8 கிராம்.

உடனே மறுபக்கத்தையும் பாருங்கள். மேல் 100 மீட்டர் இழந்தது 6.6, அதை 100-ஆல் பெருக்கினால் அதே 660. காகிதத்தில் இது பொருந்தாவிட்டால் கூட்டலில் பிழை. உண்மைத் தரவில் துல்லியமாகப் பொருந்தாது, அதற்குக் காரணங்கள் உண்டு. பெர்முடா அருகே சுழிகள் அடிக்கடி கடந்துபோகும், நீங்கள் இலையுதிர்காலத்தில் அளந்த அதே நீர் பிப்ரவரியில் அங்கே இருக்காது. மேலும் கலப்பு நடக்கும்போதே ஊட்டச்சத்து மேலே வந்து தாவர மிதவை உயிரிகள் பெருகத் தொடங்கும், புதிய கரிமக் கார்பன் சேரும். அதனால் பிப்ரவரியில் நேரடியாக அளந்தது 59.4-ஐவிடக் கூடுதலாக இருக்கலாம்.

எதை எடுத்துக்கொள்வது? இரண்டையும் கணக்கிடுங்கள். கோடையில் சேர்ந்தது எவ்வளவு இறங்கியது என்று சொல்ல, இலையுதிர்கால அளவிலிருந்து கணக்கிட்டதையே நான் நம்புவேன். அளந்த எண்ணில் இரண்டு நிகழ்வுகள் கலந்துகிடக்கின்றன.

இப்போது கலப்பு 160 மீட்டரோடு நின்றுவிட்ட ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100-லிருந்து 160 வரை சராசரி 57 என்றால், கலந்தபின் 62.6. கூடுதல் 5.6, 60 மீட்டரால் பெருக்கினால் சுமார் 340. செறிவில் ஏற்பட்ட மாற்றம் அதிகம், ஆனால் மொத்தம் பாதிதான். மேல்நீர்க் கார்பன் கொஞ்சமும் மாறாமலே, குளிர்காலத்தின் கடுமை மட்டும் மாறி விடை இரண்டு மடங்காகிவிட்டது. ஒரே ஓர் ஆண்டை வைத்துச் சர்காசோ கடலைப் பற்றித் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இதற்குமேல் ஆதாரம் வேண்டியதில்லை.

இந்தப் படியில் நடக்கும் இன்னொரு தவறு, 660-ஐ அப்படியே ஆழ்கடலுக்குப் போனது என்று எழுதுவது. 100 மீட்டருக்குக் கீழே போனது ஆழ்கடலுக்குப் போனதாகாது. வசந்தத்தில் மேல்நீர் சூடாகி மூடிக்கொண்டதும், கீழே சிக்கிய கார்பனை அங்கே வாழும் நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கும். மேல்நீர் நுண்ணுயிர்கள் மாதக்கணக்கில் விட்டுவைத்ததை, ஆழத்து நுண்ணுயிர்க் கூட்டம் தின்கிறது என்பதைக் கடல் நுண்ணுயிர் ஆய்வாளர் கிரேக் கார்ல்சன் குழுவினரின் சோதனைகள் இதே நிலையத்தில் காட்டியிருக்கின்றன. அப்படி உருவாகும் கார்பன் டை ஆக்சைடு அடுத்த குளிர்காலக் கலப்புக்கு எட்டும் ஆழத்தில் இருந்தால் மறுபடி மேலே வரும். ஆகவே விடையோடு எல்லை ஆழத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

7. கவிழ்வுச் சுழற்சியின் கணக்கு

உண்மையான ஆழத்துக்கு, நூற்றாண்டுக்கணக்கில் திரும்பாத இடத்துக்குப் போவதைக் கணக்கிட அட்லாண்டிக்கின் பெரிய சுழற்சிக்கு வர வேண்டும். மேலடுக்கில் நீர் வடக்கே போகிறது, குளிர்ந்து இறங்கி ஆழத்தில் தெற்கே திரும்புகிறது. வடக்கு 26.5 டிகிரியில் ராபிட் கருவித்தொடர் 2004-லிருந்து இந்த ஓட்டத்தை அளந்து வருகிறது, சராசரி சுமார் 17 ஸ்வெர்ட்ரப்.

ஒரு மாற்று எண்ணைத் தயார் செய்துகொண்டால் வேலை எளிது. 1 ஸ்வெர்ட்ரப் நீரில் 1 மைக்ரோமோல் வித்தியாசம் இருந்தால் ஆண்டுக்கு சுமார் 3.8 லட்சம் டன் கார்பன். நொடிக்கு 1,000 மோல், ஆண்டுக்குச் சுமார் 3.15 கோடி நொடி, மோலுக்கு 12 கிராம். நீங்களே ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்.

இனி மூன்று விதமாகச் செய்து பார்ப்போம். மேல்நீர் 60 என்று எடுத்து, எதையும் கழிக்காமல் 17-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 38 கோடி டன்னுக்கும் மேல் வரும். இது முழுத் தவறு. திரும்பும் ஆழ்நீரின் 45-ஐக் கழித்தால் மிச்சம் 15, விடை சுமார் 9.7 கோடி டன். இதுவும் கூடுதல்தான். வடக்கே போகும் நீர் எல்லாம் மேற்பரப்பு நீரில்லை. அதில் பெரும்பகுதி சில நூறு மீட்டர் ஆழத்தில் வரும் தெர்மோக்லைன் (வெப்பநிலை வேகமாகக் குறையும் அடுக்கு) நீரும், தெற்கிலிருந்து வரும் இடைநிலை நீரும். அவற்றில் கார்பன் குறைவு. ஓட்டத்தின் எடைக்கேற்பச் சராசரி எடுத்து அது 56 என்று வந்தால், வித்தியாசம் 11, விடை சுமார் 7.1 கோடி டன்.

ஆகவே, ஒவ்வோர் அடர்த்தி அடுக்குக்கும் தனித்தனியாக ஓட்டத்தையும் செறிவையும் பெருக்கி, பிறகு கூட்டுங்கள். ஐஸ்லாந்திலிருந்து தெற்கே வரும் ஏ16 போன்ற குறுக்குவெட்டுகளில் செறிவுத் தரவு கிடைக்கும். ஆழத்தை வைத்து அடுக்கு பிரிக்காதீர்கள், அடர்த்தியை வைத்துப் பிரியுங்கள். ஒரே நீர் வடக்கே போகப் போக வேறு ஆழத்தில் இருக்கும், அடர்த்திதான் அதன் முகவரி.

8. ஆக்சிஜனோடு ஒப்பிடுங்கள்

கரிமக் கார்பன் தின்னப்பட்டால் ஆக்சிஜன் குறைய வேண்டும். ஒரு மோல் ஆக்சிஜனுக்குச் சுமார் 0.7 மோல் கார்பன் என்று வைத்துக்கொண்டு, கோடையில் 100-லிருந்து 250 மீட்டர் அடுக்கில் குறைந்த ஆக்சிஜனில் எத்தனை பங்கை உங்கள் கார்பன் விளக்குகிறது என்று பாருங்கள். முழுவதையும் தாண்டிப் போனால் எங்கேயோ தவறு. விழும் துகள்களும் அங்கே ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன, அவற்றுக்கும் பங்கு மிச்சம் இருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி. கார்பனையும் ஆக்சிஜன் செலவையும் வரைபடத்தில் போட்டு ஒரு நேர்கோடு வரைந்து, சாய்வை விடையாக எழுதிவிடுவார்கள். கார்பன் மிகுந்த இளம் நீரும் கார்பன் குறைந்த முதிய நீரும் வெறுமனே கலந்தாலே, யாரும் எதையும் தின்னாமலே, அதே மாதிரிக் கோடு கிடைக்கும். ஒரே அடர்த்திப் பரப்பில் உள்ள புள்ளிகளை மட்டும் எடுத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும்.

9. பிழை எல்லையை எழுதாமல் விடையைக் காட்டாதீர்கள்

நல்ல ஆய்வகத்திலும் ஓர் அளவீட்டின் துல்லியம் 1 முதல் 2 மைக்ரோமோல். நாம் தேடுவது 4.4. பல மாதிரிகளின் சராசரி எடுத்தால் தற்செயல் பிழை சுருங்கும், ஆனால் ஒரு பயணம் முழுவதையும் ஒரே பக்கம் தள்ளிய பிழை சுருங்காது. நான்காம் படியின் ஆழ்நீர்ச் சோதனை இதற்காகத்தான். கலப்பு ஆழத்தை 20 மீட்டர் கூட்டியும் குறைத்தும் ஆறாம் படியைத் திரும்பச் செய்யுங்கள். கிடைக்கும் பரவலைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.

உலக அளவோடு ஒரு சோதனையும் செய்துகொள்ளலாம். மேல்நீரிலிருந்து கீழே போகும் கரிமக் கார்பனில் கரைந்த வடிவத்தின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டன் என்ற மதிப்பீடு பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி 500 மீட்டருக்குள் தின்னப்பட்டுவிடும். வட அட்லாண்டிக் ஆழ்நீருக்கு மட்டும் உங்கள் விடை 100 கோடி டன் என்று வந்தால், கழிக்க வேண்டியதைக் கழிக்கவில்லை என்று அர்த்தம். முதல் படிக்குத் திரும்புங்கள்.

இதே முறையை வங்காள விரிகுடாவில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆறுகளும் மழையும் கொட்டும் நன்னீர் அங்கே மேலே லேசாக மிதக்கிறது. குளிர்காலக் காற்று அதைக் கிழித்து ஆழமாகக் கலக்க முடிவதில்லை. ஆறாம் படியை அப்படியே போட்டால் விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும், அது உங்கள் நிரலின் பிழையில்லை. அங்கே வெப்பநிலையை மட்டும் வைத்துக் கலப்பு ஆழம் பார்த்தால் உண்மையைவிட ஆழமாகக் காட்டும். உப்புத்தன்மையும் சேர்ந்த அடர்த்தியைத்தான் பயன்படுத்த வேண்டும்.